பூனைக்கு ஆபரேஷன், தூக்கம் போனது எனக்கு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முத்தழகிக்கு வியாழக்கிழமை கருத்தடை ஆபரேஷன். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் நாள் கொடுத்திருக்கிறார்கள். சின்ன ஆபரேஷன்தான், மாலையே கூட்டிப்போகலாம் என்கிறார் டாக்டர். ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. ஆனாலும் மயக்க மருந்து என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அவளோ ஃப்ரிட்ஜ் மேல் ஏறிக் குறட்டை விடுகிறாள்! "தெருப்பூனைக்கே பண்றாங்க, இவளுக்கு என்ன?" என்கிறார் மாமியார்.

முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாதாம். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடுமே, காரணம் புரிகிறது. ஆனால் விடியும் முன்பே சாப்பாட்டுக்காக என் முகத்தைப் பிராண்டுபவளை எப்படிச் சமாளிப்பது? வீட்டில் இன்னொரு பூனையும் உண்டு. அதற்குத் தனி அறையில் சாப்பாடு வைத்தால் இவளுக்கு வாசனை தெரியாதா?

அப்புறம், தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னார்கள். அதற்குப் பதில் பழைய டி-ஷர்ட்டில் சட்டை தைத்துப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தையல் ஆறும்வரை குதிக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே காத்திருக்கும் நேரத்தை எப்படித் தள்ளினீர்கள் என்றும் சொல்லுங்கள். பயமுறுத்தும் கதைகள் மட்டும் இப்போது வேண்டாம், ப்ளீஸ்.