புதிதாகப் படிப்பவர்களுக்குக் கன்சோல் லாக்கைத் தடை செய்வது சரியா?

கல்லடிக்கரை

கல்லடியில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு மாலையில் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக் கொடுக்கிறேன். இம்முறை ஒரு விதி வைத்தேன்: முதல் பருவம் முழுக்க நிரலில் கன்சோல் லாக் (ஒரு மதிப்பை உலாவியின் கன்சோல் பலகையில் அச்சிடும் வரி) எழுதக் கூடாது. பிழை வந்தால் பிரேக்பாயின்ட் வைத்து, ஓட்டத்தை நிறுத்தி, மாறிகளைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள். கூடப் படிப்பிப்பவர்கள்தான் கொதிக்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏசுங்கள்.

ஒரு மாணவன் கடை விலைப்பட்டியலை வரிசைப்படுத்தும் பக்கம் ஒன்றைச் செய்தான். விலைகள் 250, 90, 1000. வரிசைப்படுத்தும் 'சோர்ட்' வரிக்கு முன்னால் ஒரு லாக், பின்னால் ஒரு லாக். கன்சோலில் பட்டியலை விரித்துப் பார்த்தால் இரண்டிலும் 1000, 250, 90. "சேர்வரிலிருந்தே இப்படித்தான் வருகிறது" என்று முடிவு கட்டிவிட்டான். உண்மையில் நடந்தது வேறு. 'சோர்ட்' எண்களையும் எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும். அதனால்தான் '1' என்று தொடங்கும் ஆயிரம் முதலில் வந்தது. அதோடு, அது புதுப் பட்டியல் தராமல் இருக்கும் பட்டியலையே மாற்றிவிடும். கன்சோலோ, நாம் விரிக்கும் நேரத்தில் அந்தப் பட்டியல் எப்படி இருக்கிறதோ அதைக் காட்டும். லாக் ஓடிய நேரத்து நிலையை அல்ல. பிரேக்பாயின்ட் வைத்திருந்தால் 250, 90, 1000 என்று அந்தக் கணத்திலேயே கண்டிருப்பான்.

ஒலுவில் நானா

அண்ணன், கத்தி கையை வெட்டியதற்காகச் சமையலையே நிறுத்துவீர்களா? விரிக்காத வரியில் பழைய வரிசை இருந்திருக்குமே, அதைப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். இல்லாவிட்டால் பட்டியலை ஜேசன் என்னும் எழுத்து வடிவாக்கி அச்சிட வைத்திருக்கலாம். அப்போது லாக் பொய் சொல்லாது.

உங்கள் பிரேக்பாயின்ட் மட்டும் உத்தமமா? தேடல் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாவனையாளர் 'க' என்று தட்டுகிறார், ஒரு கோரிக்கை போகிறது. 'கல்' என்று தட்டுகிறார், இன்னொன்று போகிறது. வலையமைப்பு மந்தமாக இருந்தால் இரண்டாவதன் பதில் முதலில் வந்து, முதலாவதன் பதில் பிந்தி வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். 'கல்' என்று தேடியவருக்கு 'க' வரிசை முழுவதும் தெரியும். இதைப் பிடிக்க நிரலை நிறுத்தினீர்களானால் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பதிலும் வந்து சேர்ந்திருக்கும்; தட்டும் வேகமும் போய்விடும். பிழை ஒளிந்துகொள்ளும். நேரத்தோடு அச்சிட்ட நான்கு லாக் வரிகள் அதைப் பளிச்சென்று காட்டும்.

இன்னொன்று. கீழே விரியும் பட்டியலைச் சோதிக்க, உலாவியின் சோதனைக் கருவிகளான டெவ்டூல்ஸ் பக்கம் கிளிக் செய்தால் பெட்டி கவனத்தை (ஃபோகஸை) இழந்து பட்டியல் மூடிவிடுகிறது. சோதிப்பதற்கு அங்கே என்ன மிச்சம்?

கல்லடிக்கரை

பட்டியல் மூடுவதற்கு வழி இருக்கிறது, நானா. டெவ்டூல்ஸின் ரெண்டரிங் பகுதியில் பக்கம் கவனத்தில் இருப்பதாகவே பாவனை செய்யும் தெரிவு உண்டு. கோரிக்கைகளின் வரிசையை நெட்வொர்க் பகுதியே காட்டும். அங்கேயே வேகத்தைக் குறைத்துவிட்டால் நீங்கள் சொல்லும் பிழை மேசையிலேயே வந்து நிற்கும். கட்டாயம் ஏதாவது அச்சிட வேண்டும் என்றால் 2019 முதல் குரோமில், நிரலை நிறுத்தாமல் மதிப்பை அச்சிடும் லாக்பாயின்ட் இருக்கிறது. வரி எண்ணில் வலது கிளிக் செய்து, பார்க்க வேண்டியதை எழுதினால் போதும். நிரலில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியதில்லை.

ஒலுவில் நானா

லாக்பாயின்டும் லாக்தானே! முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலால் அழைத்து வருகிறீர்கள். அதிலும் பட்டியலை விரித்தால் அதே 1000, 250, 90தான் வரும்.

2006இல் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கான பிழைதிருத்தும் கருவி ஃபயர்பக் வருவதற்கு முன் இந்த வேலை செய்தவர்கள் திரையில் செய்தி காட்டும் அலர்ட் பெட்டியை வைத்தே பிழை பிடித்தார்கள். அதுவும் அச்சிடுவதுதான். கருவி எதுவானாலும் "இங்கே என்ன மதிப்பு இருக்க வேண்டும்" என்று முதலில் ஊகிக்கத் தெரிய வேண்டும். ஊகிக்காத பிள்ளை பிரேக்பாயின்டில் நின்றுகொண்டு அடுத்த வரி, அடுத்த வரி என்று அமுக்கிக்கொண்டே இருக்கும். என்னிடம் வந்தவர்களில் நிறையப் பேர் அப்படித்தான்.

வாழைச்சேனை வாசி

இரண்டு பேரும் மடிக்கணினியை வைத்துக் கதைக்கிறீர்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கைத்தொலைபேசி மட்டும்தான். அண்ட்ராய்டு குரோமில் டெவ்டூல்ஸ் திறக்காது. கணினியோடு இணைத்தால்தான் பார்க்கலாம். ஐபோன் என்றால் மேக் வேண்டும். பக்கத்திலேயே ஒரு மூலையில் மதிப்பை எழுதிக் காட்டுவதுதான் அவர்களுக்கு உள்ள வழி. தடை போடுவதற்கும் வசதி வேண்டியிருக்கிறது.

அரசடிச் சந்தி

அண்ணாமார் இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கருவியும் கைவிட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன்.

விநியோகப் பக்கம் ஒன்றில் ஊரைத் தேடித் தெரிவுசெய்ய வேண்டும். 'கொக்கட்டிச்சோலை' என்று தட்டினால் சிலருக்கு வந்தது, சிலருக்கு "அப்படி ஓர் இடம் இல்லை" என்று வந்தது. லாக் செய்தோம்: தட்டிய சொல்லும் பட்டியலில் உள்ள சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பிரேக்பாயின்ட் வைத்தோம்: அங்கேயும் ஒன்று. ஆனால் சமமா என்று கேட்டால் 'ஃபால்ஸ்', அதாவது இல்லை.

சொல்லின் நீளத்தை, அதாவது 'லெங்த்' கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. ஒன்று 15, மற்றது 17. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'ஒ'கரக் குறி தனி ஓர் எண்ணாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு எண்களாகவும் இருக்கலாம். 'ஓ'காரத்துக்கும் அப்படியே. திரையில் இரண்டும் ஒரே வடிவம். ஊர்ப் பெயரில் 'கொ' ஒன்று, 'சோ' ஒன்று. ஆகவே இரண்டு எண் கூடுதல். சில விசைப்பலகைகள் ஒரு விதமாகவும் சில மற்ற விதமாகவும் தட்டுகின்றன. இரு பக்கமும் 'நோர்மலைஸ்' செய்து, அதாவது ஒரே விதமாக்கி ஒப்பிட்டதும் சரியாகிவிட்டது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்தப் பிழை தலைகாட்டியே இராது. காத்தான்குடியைத் தேடினாலும் இராது, அதில் இந்தக் குறிகள் இல்லை.

இதே கதைதான் பெயருக்கு எழுத்து வரம்பு வைக்கும் படிவங்களிலும். 'மட்டக்களப்பு' நமக்கு எட்டு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 12. அங்கே, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் 'இன்ட்ல் செக்மென்டர்' கொண்டு எண்ணினால் எட்டு வரும்.

ஒலுவில் நானா

தங்கச்சி, 'லெங்த்' எப்படிக் கேட்டீர்கள்? கன்சோலில்தானே? எழுத்துகளின் எண்களை வரிசையாகப் பார்த்ததும் அச்சிட்டுத்தானே? என் கட்சிக்கு ஒரு வாக்கு!

அரசடிச் சந்தி

நிறுத்தி வைத்த இடத்தில் நின்றுகொண்டுதான் கன்சோலில் கேட்டேன், நானா. வாக்கைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கல்லடிக்கரை

அதைத்தான் நானும் சொல்கிறேன். நிறுத்திவிட்டுக் கன்சோலில் கேள்வி கேட்பதற்கு என் வகுப்பில் தடை இல்லை. நிரலுக்குள் லாக் வரிகளைத் தூவுவதற்குத்தான் தடை. தூவியவர்கள் அவற்றைத் திரும்ப எடுப்பதில்லை. அடையாள அட்டை எண்ணை வாங்கி அப்படியே கன்சோலில் கொட்டும் ஒரு பக்கம் இன்றும் பாவனையில் இருக்கிறது. செய்தவர் படித்த இடத்தில் யாரும் ஏசவில்லை போலும்.

வாழைச்சேனைத் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. தொலைபேசியோடு வரும் பிள்ளைக்கு விதி பொருந்தாது.

ஒலுவில் நானா

வெளியிடும் முன் லாக்குகளை நீக்க வேண்டும் என்பதில் நான் உங்களோடு. அதற்கு நிரலைச் சரிபார்க்கும் கருவியான ஈ.எஸ்.லின்ட்டில் ஒரு விதியைப் போட்டால் அது தானாகக் காட்டிக்கொடுக்கும். வாத்தியார் பிரம்போடு நிற்கத் தேவையில்லை. பருவம் முழுக்க என்பதை ஒரு மாதமாகக் குறையுங்கள்.

கல்லடிக்கரை

குறைக்க மாட்டேன். கொக்கட்டிச்சோலையை முதல் வாரப் பயிற்சியில் சேர்க்கிறேன்.