உப்புப் போட்டால் தண்ணி கெதியாக் கொதிக்குமாம்! ஆர் சொன்னது?

ஓய்வு_வாத்தியார்:
முகப்புத்தகத்தில ஒரு சமையல் காணொளி சுத்துது. "உலை வைக்கேக்க முதலே உப்பைப் போடுங்கோ, தண்ணி கெதியாக் கொதிக்கும், காஸ் மிச்சம்" எண்டு ஒரு பிள்ளை சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுது. கீழ எங்கட ஆக்கள் வந்து "ஓம் அக்கா, உண்மை அக்கா" எண்டு எழுதியிருக்கினம். அதில சிலதுகள் என்னட்ட ஏஎல் இரசாயனம் படிச்சதுகள்! உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும், இறங்காது. ஒரு கிலோ தண்ணிக்கு 58.5 கிராம், அதாவது ஒரு மூல் (துணிக்கைகளை எண்ணுற அலகு) உப்புப் போட்டால் 101 பாகைக்குப் போனாத்தான் கொதிக்கும். இதில கதைக்க ஒண்டுமில்லை.

குசினி_ராசாத்தி:
சேர், நீங்கள் எப்பவாவது உலை வைச்சிருக்கிறியளே? தண்ணி சூடேறி வரேக்க உப்பைப் போட்டால் போட்ட உடன புசுபுசுவெண்டு பொங்கும். நான் ஒவ்வொரு நாளும் கண்ணால பார்க்கிறனான்.

ஓய்வு_வாத்தியார்:
அது கொதிச்சதில்லை பிள்ளை. கொதிக்கப் போற தண்ணிக்குள்ள குமிழ் உண்டாக ஒரு பிடி வேணும். உப்புக் கல்லோட போற காத்தும் அதின்ர சொரசொரப்பும் அந்தப் பிடியைக் குடுக்குது. மணலைக் கழுவிப் போட்டாலும் அப்பிடித்தான் பொங்கும். வெப்பமானியை வைச்சுப் பாருங்கோ, ஒரு பாகையும் கூடியிராது.

குசினி_ராசாத்தி:
மணல் போட்டுச் சமைக்கிறது உங்கட வீட்டு வழக்கமா இருக்கும். பொங்கினது பொங்கினதுதான்.

வேலணைப்_பெடியன்:
எங்கட பக்கம் கிணத்துத் தண்ணியிலயே உப்பு. ராசாத்தி அக்கா சொல்லுறபடி பார்த்தால் எங்கட கேத்தில் யாழ்ப்பாணத்திலயே முதலாவதாக் கொதிக்கவேணும். பேப்பர் முழுக்க வாசிச்சு மரண அறிவித்தலும் முடிஞ்சாப் பிறகுதான் அது முனகவே தொடங்குது.

ஓய்வு_வாத்தியார்:
தம்பி, அதுக்கும் உப்பில பழி போடாதேங்கோ. கிணத்துத் தண்ணியில லீற்றருக்கு ரெண்டு கிராம் உப்பு இருந்தாலும் கொதிநிலை ஏறுறது பாகையில நூறிலொரு பங்குக் கணக்கில. கடல்தண்ணியே அரைப் பாகையளவுதான் ஏத்தும். உங்கட கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கோ, வெள்ளையாப் படை படையாப் பிடிச்சிருக்கும். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணியில கரைஞ்சிருந்தது சூட்டில கல்சியம் காபனேற்றாப் படியுது. அது சூட்டைத் தண்ணிக்கு விடாது. தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைச்சுக் கழுவுங்கோ.

வேலணைப்_பெடியன்:
கேத்தில் கழுவ வாத்தியார் தேவையில்லை, அம்மா போதும்.

ஏஎல்_பெடியன்:
சேர் குறை நினைக்கவேண்டாம். தண்ணி 100 பாகை எண்டுறதும் இப்ப சரியில்லை. சர்வதேச இரசாயன ஒன்றியம் 1982இல நியம அமுக்கத்தை ஒரு பார் எண்டு மாத்திட்டுது. அந்தக் கணக்கில நியமக் கொதிநிலை 99.6.

ஓய்வு_வாத்தியார்:
ஒரு வளிமண்டல அமுக்கத்தில 100. நான் படிப்பிச்சதும் அதுதான், நீர் பாஸ் பண்ணப்போறதும் அதாலதான். நான் கேட்டது உப்பைப் பற்றி.

ஏஎல்_பெடியன்:
உப்பைப் பற்றியும் ஒண்டிருக்குது சேர். உப்புக் கரைஞ்ச தண்ணியின்ர தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு கிலோவை ஒரு பாகை ஏத்த வேணுமான வெப்பம், குறைவு. ஒரு கிலோ தண்ணியையும் ஒரு கிலோ கடும் உப்புத்தண்ணியையும் ஒரே அடுப்பில வைச்சால் உப்புத்தண்ணிதான் கெதியாச் சூடேறும்.

குசினி_ராசாத்தி:
பார்த்தியளே! படிச்ச பெடியனே சொல்லுது. நான் சொன்னால் மட்டும் மணல்.

ஓய்வு_வாத்தியார்:
சமனான நிறை எடுத்தால் தம்பி, சமனான நிறை! உலையில தண்ணியைக் குறைச்சுப்போட்டே உப்புப் போடுகினம்? இருக்கிற தண்ணிக்கு மேலதானே போடுறது. அதோட அந்த வித்தியாசம் தெரியவேணுமெண்டால் நூறுக்கு இருபது கணக்கில உப்பு வேணும். அப்ப வாறது சோறில்லை, கருவாடு. சமையலுக்குப் போடுற ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய ஆறு கிராம், ஒரு லீற்றருக்கு 0.1 பாகை ஏத்தும். அதால காஸும் மிச்சமில்லை, நட்டமுமில்லை.

குசினி_ராசாத்தி:
மிச்சமில்லை, நட்டமுமில்லை எண்டால் ஏன் சேர் இவ்வளவு நேரமாக் கத்துறியள்? பொங்கினதை நான் பார்த்தனான்.

கல்கரி_மாமா:
மாஸ்டர், இடையில வாறதுக்கு மன்னிக்கவேணும். நாங்கள் கனடாவில இருக்கிற கல்கரி கடல் மட்டத்தில இருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல. இஞ்ச தண்ணி 97 பாகைக்கு முன்னமே கொதிச்சிடும். ஊரில உயரம் இல்லாதபடியால் உந்தப் பிரச்சினையெல்லாம் உங்களுக்கு விளங்காது.

வடமராட்சியான்:
ஓமோம், தண்ணி கொதிக்கிறதுக்கும் விசா எடுக்கோணும் போல. நுவரெலியா எண்டு ஒரு இடம் இலங்கையில இருக்குது மாமா, 1868 மீற்றர், உங்கட கல்கரியை விட உயரம். அங்க 94 பாகையில கொதிக்கும். நான் அங்க வேலை செய்யேக்கப் பருப்பு அவியாமல் பசியில கிடந்தனான். பிறஷர் குக்கர் வாங்கினாப் பிறகுதான் சாப்பாடு.

ஓய்வு_வாத்தியார்:
இதைத்தான் சொல்ல வந்தனான். தண்ணி ஆவியாகித் தள்ளுற ஆவியமுக்கம் வெளி அமுக்கத்துக்குச் சமனாகிற இடம்தான் கொதிநிலை. மலையில காத்தமுக்கம் குறைய, கொதிநிலையும் குறையும். குக்கருக்குள்ள ஒரு வளிமண்டலம் மேலதிகமா அடைச்சால் 120 பாகை வரைக்கும் ஏறும். கொதிக்கிறது வேற, அவியிறது வேற. ஆனால் இது உப்புக் கதையில்லை.

குசினி_ராசாத்தி:
நீங்களே இப்பத்தான் கொதிக்கிறதைப் பற்றிச் சொல்லவே தொடங்கியிருக்கிறியள். இவ்வளவு நேரமும் என்னைத் திட்டினதுதான்.

வடமராட்சியான்:
மாஸ்டர் சொல்லுறது சரி. எங்கட ஆக்கள் பள்ளிக்கூடம் போகாமலே இதைக் கண்டவை. பனையில இறக்கிற கருப்பநீரைத் தாச்சியில விட்டுக் காய்ச்சேக்க முதல் தண்ணி மாதிரித்தான் கொதிக்கும். வத்த வத்தச் சூடு ஏறிக்கொண்டே போய், கடைசியில 110ஐயும் தாண்டும். அப்ப குமிழின்ர சத்தமே மாறிப்போகும், மொது மொதுவெண்டு. அந்தப் பதத்தில இறக்காட்டில் பனங்கட்டி கருகிக் கைக்கும். சீனி ஏத்தினால் உப்பும் அதே அளவு ஏத்தும்தானே.

ஓய்வு_வாத்தியார்:
அதே அளவில்லை. சீனி மூலக்கூறு கரைஞ்சாலும் ஒண்டாத்தான் நிக்கும். சோடியங் குளோரைட்டு அயனாப் பிரிஞ்சு ரெண்டாகும். ஒரு மூல் சீனி அரைப் பாகை ஏத்தினால் ஒரு மூல் உப்பு ஒரு பாகை ஏத்தும். ஆதரவு தாறதெண்டாலும் சரியாத் தரவேணும்.

வடமராட்சியான்:
உங்களுக்கு ஆதரவு தந்ததுக்கு எனக்கு வேணும். அந்தக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் திரியிலயும் இப்பிடித்தான், ஆதரிச்ச ஆளுக்கே அடி.

ஓய்வு_வாத்தியார்:
மாம்பழத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான். திரும்ப வேணுமெண்டாலும் சொல்லுவன்.

வேலணைப்_பெடியன்:
கடவுளே, மாம்பழத்துக்குப் போகாதேங்கோ.

குசினி_ராசாத்தி:
நான் ஒண்டு கேக்கிறன். வடை பொரிக்கேக்க எண்ணெய் கொதிக்குதே, அதுவும் கொதிக்கேல்லை எண்டு சொல்லுவியளோ?

ஓய்வு_வாத்தியார்:
சொல்லுவன். எண்ணெய் கொதிக்கேல்லை. வடையைப் போடமுதல் தாச்சியைப் பாருங்கோ, எண்ணெய் அசையாமல் கிடக்கும். போட்ட உடன சளசளவெண்டு வாறது மாவுக்குள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி வாறது. ஈரம் குறையக் குறையச் சத்தமும் குறையும், அதை வைச்சுத்தானே நீங்கள் வடையை எடுக்கிறியள்? தேங்காய் எண்ணெயை மேல மேலக் காய்ச்சினால் கொதிக்கமுதல் புகைஞ்சு பழுதாகிப் போகும். குமிழைக் கண்டதெல்லாம் கொதிப்பில்லை.

குசினி_ராசாத்தி:
எண்ணெயும் கொதிக்கேல்லை, தண்ணியும் கொதிக்கேல்லை. உங்களுக்குத்தான் கொதிக்குது. நாளைக்கும் நான் முதலே உப்புப் போடுவன்.

ஏஎல்_பெடியன்:
சேர், ஒரு வளிமண்டலம் எண்டு வைச்சாலும் இப்பத்தைய வெப்ப அளவையில 100 இல்லை, 99.97 எண்டு...

ஓய்வு_வாத்தியார்:
தம்பி, நீர் போய்ப் பாஸ் பேப்பர் செய்யும்.

கல்கரி_மாமா:
வடமராட்சியான் தம்பி, அந்தப் பனங்கட்டி இப்பவும் ஓலைக் குட்டானில வருதோ? கொண்டுவர ஒரு ஆள் இருக்குது. என்ன விலை போகுது?

வடமராட்சியான்:
வருது மாமா, ஆனால் வெளியில விக்கிறதுகளில சீனி கலப்பு. நல்லது வேணுமெண்டால் தனிமடல் போடுங்கோ.

குசினி_ராசாத்தி:
எனக்கும் ரெண்டு குட்டான்.

ஓய்வு_வாத்தியார்:
இது இரசாயனத் திரி! விலை விசாரிக்கிறவை வேற திரி திறவுங்கோ. ஐதரசன் சல்பைட்டு தண்ணியை விடப் பாரமான மூலக்கூறு, மறை 60 பாகையிலயே கொதிக்குது. தண்ணிக்கு மட்டும் ஏன் 100 எண்டு இதில ஒருத்தராவது கேட்டியளே? நான் இன்னும் ஐதரசன் பிணைப்புக்கே வரேல்லை.