புலவளைவுக் கதிர்வீச்சு: துடிமீன்களின் காமா கதிருக்கு ஒரு சொல்

நண்பர்களே, வணக்கம்.

துடிமீன்களில் (pulsar: வேகமாகச் சுழன்று, துடிப்பு துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்) காமா கதிர் உண்டாகும் ஒரு முறை curvature radiation. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்காக இங்கே முன்வைத்த 'வளைவுக் கதிர்வீச்சு' என்ற சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். வளைவது எது என்று அது சொல்லவில்லை. முதன்முறை படிக்கும் மாணவர் கதிரே வளைந்து போகிறது என்றுதான் நினைப்பார். கதிர் நேராகத்தான் போகிறது.

'வளைபாதைக் கதிர்வீச்சு' என்று இன்னொரு நண்பர் சொன்னது இதைவிட மேல். ஆனால் எலக்ட்ரான் காந்தப்புலத்தில் சுழலும்போது வரும் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சிலும் அதன் பாதை வளையத்தானே செய்கிறது? இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் நமக்கு உதவாது.

நடப்பதைப் பாருங்கள். இளம் துடிமீனின் பரப்பில் காந்தப்புலம் சுமார் ஒரு லட்சம் கோடி காஸ் (காந்தப்புல அலகு). பூமியில் அரை காஸ் அளவுதான். எலக்ட்ரான் புலக்கோட்டை, அதாவது புலத்தின் திசையைக் காட்டும் கற்பனைக் கோட்டை, சுற்றிச் சுழலும்போது வெளிப்படுவது சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. பரப்புக்கு அருகே புலம் இவ்வளவு வலுவாக இருப்பதால், அந்தச் சுழற்சிக்கான ஆற்றலை எலக்ட்ரான் கண நேரத்தில் இழந்துவிடும். அப்புறம் கம்பியில் கோத்த மணியைப் போலப் புலக்கோட்டின் வழியே மட்டும்தான் ஓட முடியும். கோடு வளைந்திருப்பதால் எலக்ட்ரானும் வளைகிறது, வளையும்போது கதிர் வீசுகிறது. தன் ஓய்வு ஆற்றலைப் போல ஒரு கோடி மடங்கு ஆற்றல் அதற்கு இருந்தால் அந்தக் கதிர் காமா கதிராகவே வரும்.

ஆக, வளைந்திருப்பது புலம். அதனால் 'புலவளைவுக் கதிர்வீச்சு' என்பது என் முன்மொழிவு. 'காந்த' வேண்டுமே என்பவர்கள் முதல் இடத்தில் 'காந்தப்புல வளைவுக் கதிர்வீச்சு' என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

இதைத் துடிமீனின் எல்லாக் காமா கதிருக்கும் பொதுப்பெயராக்கிவிடக் கூடாது. 2008-இல் விண்வெளிக்கு ஏவப்பட்ட ஃபெர்மி காமா கதிர்த் தொலைநோக்கி காணும் ஜிகா (நூறு கோடி) எலக்ட்ரான் வோல்ட் துடிப்புகளுக்குப் புலவளைவுதான் காரணம் என்பது நெடுநாள் விளக்கம். அங்கேயும் சிங்க்ரோட்ரான்தான் என்று வாதிடுவோர் இப்போது இருக்கிறார்கள். இந்த வாதத்தைத் தமிழில் எழுதவேண்டுமானால் இரண்டு பெயரும் குழம்பாமல் இருந்தே ஆகவேண்டும். நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் வேலா துடிமீனிலிருந்து 20 டெரா (ஜிகாவைப் போல ஆயிரம் மடங்கு) எலக்ட்ரான் வோல்ட் வரை கண்டதாக 2023-இல் அறிவித்தார்களே, அதற்கு நேர்மாறு காம்ப்டன் சிதறலைத்தான் (வேக எலக்ட்ரான் ஒளித்துகளில் மோதி அதற்கு ஆற்றல் ஏற்றுவது) காரணமாகச் சொல்கிறார்கள். அது வேறு கதை.

'புலவளைவு' வேறு துறையில் ஏற்கெனவே வழங்கினால் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியலில் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சுக்குப் பக்கத்திலேயே இதைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் மற்றதைச் சுட்டிவிடலாம்.