பிசியும் கேம் கன்சோலும் ஒண்ணா ஆன்ல இருந்தா நெட் கட் ஆகுது

இரவாட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு பிரச்சனை ரொம்ப நாளா உயிர வாங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க. வீட்ல ஒரே ரவுட்டர், என்னோட விண்டோஸ் பிசி கேபிள்ல இருக்கு, கேம் கன்சோல் வைஃபைல இருக்கு. ரெண்டுல எதாவது ஒண்ணு மட்டும் ஆன்ல இருந்தா எந்தக் குறையும் இல்ல, ஸ்பீட் டெஸ்ட் போட்டா முழு ஸ்பீடும் வருது. ஆனா தம்பி கன்சோல ஆன் பண்ணி மேட்ச்ல உக்கார்ந்த கொஞ்ச நேரத்துல என் பிசில நெட் போயிடும், இல்லன்னா அவன மேட்ச்ல இருந்து தூக்கிடும். எப்பவுமே இப்படின்னா கூட பரவால்ல, சில நாள் ராத்திரி முழுக்க ரெண்டும் நல்லா ஓடுது, மறுநாள் பிசிய ஸ்லீப்ல இருந்து எழுப்பினா மறுபடி ஆரம்பிச்சுடுது. அந்த நேரத்துல போன்ல நெட் நல்லாதான் வருது. ஒரு தடவை பிசி ஸ்க்ரீன்ல ஐபி அட்ரஸ் கான்ஃபிளிக்ட்னு ஏதோ வந்துச்சு, படிக்கிறதுக்குள்ள போயிடுச்சு. ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நாளைக்கு சரியாகுது. ரவுட்டரையே மாத்தணுமா?

கேபிள்வேலை:
ரவுட்டர மாத்தாதீங்க ப்ரோ, அவசரமே இல்ல. அந்த மெசேஜ்லயே விஷயம் இருக்கு. ரெண்டு மெஷினும் ஒரே ஐபி அட்ரஸ்ல (நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் தனியா இருக்க வேண்டிய நம்பர்) உக்கார்ந்திருக்கு, போன் வேற அட்ரஸ்ல இருக்குறதால அதுக்கு ஒண்ணும் ஆகல.

உள்ள என்ன நடக்குதுன்னா, ரவுட்டர் ஒரு ஏஆர்பி டேபிள் வச்சிருக்கும், இந்த ஐபி இந்த மேக் அட்ரஸ்ல (மெஷினோட நெட்வொர்க் கார்டுக்குன்னு இருக்குற நம்பர்) இருக்குன்னு. ஒரு ஐபிக்கு ஒரே மேக் தான் அதுல எழுத முடியும். பிசியும் கன்சோலும் ரெண்டுமே அந்த ஐபி என்னோடதுன்னு சொன்னா கடைசியா யார் சொன்னாங்களோ அவங்க பேர் டேபிள்ல ஏறும், அப்போ உங்க பிசிக்கு வர வேண்டிய பேக்கெட் கன்சோலுக்குப் போகும், அது எனக்கில்லன்னு தூக்கிப் போட்டுடும். கொஞ்ச நேரத்துல திரும்ப மாறும். அதான் ஒரு தடவை உங்களுக்குக் கட் ஆகுது, ஒரு தடவை தம்பிக்குக் கட் ஆகுது.

அடுத்த தடவை கட் ஆகும்போது ரவுட்டர்ல கை வைக்காதீங்க. பிசில கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் அடிச்சு என்ன அட்ரஸ் வருதுன்னு பாருங்க, கன்சோல்ல நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்துலயும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா முடிஞ்சுது. பிசில 169.254ன்னு ஆரம்பிக்கிற அட்ரஸ் வந்தா அது ரவுட்டர் குடுத்தது இல்ல, ஒழுங்கான அட்ரஸ் கிடைக்காம விண்டோஸ் தானா போட்டுக்கிட்டது, அத வச்சு நெட்டுக்குப் போகவே முடியாது.

கன்சோல்ல ஐபி செட்டிங் ஆட்டோமேட்டிக்ல இருக்கா மேனுவல்ல இருக்கான்னும் பாத்து சொல்லுங்க, எனக்கு சந்தேகமே அதுமேலதான்.

இரவாட்டம்:
பாத்துட்டேன் ப்ரோ, நீங்க சொன்னதேதான். ரெண்டுலயும் 192.168.1.20. கன்சோல்ல மேனுவல்ல இருக்கு, நாட் டைப் (வெளில இருந்து வர கனெக்ஷன ரவுட்டர் கன்சோலுக்கு எவ்வளவு விடுதுங்கறது) ஓபன் ஆகணும்னு தம்பி ஏதோ வீடியோ பாத்து செட் பண்ணி, வெளில இருந்து 3074 போர்ட்ல வர்றது அந்த அட்ரஸுக்குப் போற மாதிரி ஃபார்வர்ட் பண்ணியிருக்கான். ரவுட்டர்ல டிஹெச்சிபி (ரவுட்டர் தானா ஐபி குடுக்குறது) ரேஞ்ச் 192.168.1.2ல இருந்து 254 வரைக்கும் இருக்கு. ஆட்டோமேட்டிக்ல போட்டா நாட் திரும்ப ஸ்ட்ரிக்ட் ஆயிடும்னு அவன் விட மாட்டேங்குறான். அப்புறம் இன்னொண்ணு, ரவுட்டருக்கு கன்சோல் அந்த அட்ரஸ்ல இருக்குறது தெரியாதா, தெரிஞ்சும் ஏன் பிசிக்கு அதையே குடுக்குது?

போர்ட்3074:
தெரியாதுங்க, அதான் வினையே. டிஹெச்சிபில கேட்டு வாங்கினது மட்டும்தான் ரவுட்டர் கணக்குல இருக்கும். கன்சோல் கேட்காம தானா எடுத்துக்கிட்டதால 20 காலியா இருக்குன்னு நெனச்சு பிசிக்குக் குடுத்துடுது. குடுக்குறதுக்கு முன்னாடி பிங் பண்ணி பாக்குற ரவுட்டரும் உண்டு, ஆனா அந்த நேரம் கன்சோல் ஆஃப்ல இருந்தா பதில் வராதே. நிறைய ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனா பழைய கணக்கையும் மறந்துடும், பிசிக்கு வேற நம்பர் விழுந்தா கொஞ்ச நாள் தப்பிச்சீங்க.

தம்பியோட கவலையும் நியாயமானதுதான், போர்ட் ஃபார்வர்ட் பண்ணா அட்ரஸ் மாறாம இருக்கணும். ஆனா அத கன்சோல்ல பூட்டக் கூடாது, ரவுட்டர்ல பூட்டணும். கன்சோல ஆட்டோமேட்டிக்ல போட்டுட்டு அதோட மேக் அட்ரஸ குறிச்சுக்கோங்க, வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு ஒரு மேக் இருக்கும், நீங்க வைஃபைல இருக்கீங்க அதனால அத எடுங்க. ரவுட்டர்ல டிஹெச்சிபி பக்கத்துல அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும், சிலதுல ஸ்டேட்டிக் லீஸ்னு போட்டிருப்பாங்க, அங்க அந்த மேக்குக்கு 20ன்னு எழுதிடுங்க. இனிமே கன்சோல் கேட்டா எப்பவும் 20 தான் கிடைக்கும், வேற யாருக்கும் அது போகாது, ஃபார்வர்ட் பண்ணதும் அப்படியே வேலை செய்யும். செஞ்சதும் பிசி, கன்சோல் ரெண்டையும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, கன்சோல ரெஸ்ட் மோடுல போடாம முழுசா ஆஃப் பண்ணுங்க.

இன்னொரு விஷயம் கேக்கணும். நீங்களும் பிசில அதே கேம் ஆடுறீங்களா? ஆடுறீங்கன்னா ஐபி பிரிஞ்சாலும் 3074ல இடிக்கும். கையால ஃபார்வர்ட் பண்ணா வெளியில இருந்து வர ஒரு போர்ட் உள்ள ஒரே ஒரு மெஷினுக்குத்தான் போகும், தம்பிக்கு ஓபன், உங்களுக்கு ஸ்ட்ரிக்ட்னு ஆயிடும். அப்படி இருந்தா கையால போட்டத எடுத்துட்டு ரவுட்டர்ல யூபிஎன்பி (மெஷினே ரவுட்டர்கிட்ட போர்ட் கேட்டு திறந்துக்குற வசதி) ஆன் பண்ணுங்க, ரெண்டு மெஷினும் தனித்தனியா வேற வேற வெளி போர்ட் கேட்டு வாங்கிக்க வழி இருக்கு. வீட்ல நம்பிக்கையில்லாத கேமரா, டிவி பாக்ஸ்னு எதாவது மாட்டியிருந்தா யூபிஎன்பிய யோசிச்சு பண்ணுங்க, அதுங்களும் உங்களக் கேக்காம போர்ட் திறந்துக்கும். தயவு செஞ்சு பிசிய மட்டும் டிஎம்ஸெட்ல வைக்காதீங்க, அப்படி சொல்ற வீடியோ நிறைய இருக்கு, வெளில இருந்து வர எல்லாத்தையும் நேரா பிசிக்கு விடுறதுக்கு சமம் அது.

சும்மாபடிப்பேன்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். எனக்கு ரிசர்வேஷன் எல்லாம் பண்ணியும் நாட் ஓபன் ஆகல. ரவுட்டர்ல வான் அட்ரஸ் (நெட் கம்பெனி பக்கம் ரவுட்டருக்கு இருக்குற ஐபி) 100.72ன்னு ஆரம்பிக்குது.

போர்ட்3074:
உங்க கேஸ் வேற. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் நெட் கம்பெனிங்க பல வாடிக்கையாளர ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னாடி வைக்கறதுக்குன்னு 2012ல ஒதுக்கின ரேஞ்ச். வீட்டு ரவுட்டர்ல எந்த போர்ட்ட திறந்தாலும் அதுக்கு வெளிய இன்னொரு கதவு மூடி இருக்கு. கம்பெனிகிட்ட பப்ளிக் ஐபி கேளுங்க. வான் அட்ரஸ் 192.168 இல்ல 10ன்னு ஆரம்பிச்சா முதல்ல மோடமும் ரவுட்டரும் ரெண்டு தடவை நாட் (ஒரு ஐபிக்குப் பின்னாடி பல மெஷின வைக்கறது) பண்ணுதான்னு பாக்கணும், அப்படி இருந்தா மோடம நாட் பண்ணாம நேரா அனுப்புற ப்ரிட்ஜ் மோடுக்கு மாத்தினா போதும்.

இரவாட்டம்:
ரிசர்வேஷன் போட்டாச்சு. கன்சோல் 20ல இருக்கு, பிசிக்கு 31 வந்துச்சு, ஸ்லீப்ல போட்டு எழுப்பியும் பாத்தேன், கட் ஆகல. தம்பிக்கு நாட் இன்னும் ஓபன்தான், அவன் முகத்துல இப்பதான் நிம்மதி. அதே கேம் நான் ஆடுறதில்ல, அதனால யூபிஎன்பிய தொடல. பிசிக்கும் ஒரு ரிசர்வேஷன் போட்டுடலாமா?

கேபிள்வேலை:
போடுங்க, ஒண்ணும் கெடாது. கேபிள்ல இருக்குறவரைக்கும் பிரச்சனையே இல்ல. பின்னாடி பிசிய வைஃபைக்கு மாத்தினீங்கன்னா விண்டோஸ் வைஃபை செட்டிங்ல ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்னு ஒண்ணு இருக்கும், அது ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஆன்ல இருந்தா மேக் மாறும், ரவுட்டருக்கு அது புது மெஷின் மாதிரி தெரியும், ரிசர்வேஷன் பிடிக்காது.