பேக்-மேன் ஏன் மூலையில் திரும்ப மறுக்கிறது? பழைய ஆர்கேட் விளையாட்டுகளை எமுலேட்டரில் ஆடிய அனுபவங்கள்

பதிவு 1

ஒரு மாதமாக, பழைய ஆர்கேட் இயந்திரங்களின் நிரலைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) எமுலேட்டரை மடிக்கணினியில் நிறுவி, சிறுவயதில் நாணயம் போட்டு ஆடிய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து வருகிறேன். நிறுவுவதில் சிக்கல் எதுவும் இல்லை. விசைப்பலகையில் 5-ஐ அழுத்தினால் நாணயம் விழுந்ததாகக் கணக்கு. 1-ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கிவிடும். (அந்த 5-ஐ எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதைப் பத்து வயதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.)

ஆனால் பேய்களிடம் சிக்காமல் புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்றபடி போகும் பேக்-மேன் மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, ப்ளூடூத் கேம்பேடில் ஆடுகிறேன். மூலை வருவதற்குச் சற்று முன்பே குச்சியை மேல்நோக்கித் தள்ளினாலும், ஐந்து முறைக்கு ஒரு முறை பேக்-மேன் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. பின்னால் வரும் சிவப்புப் பேய்க்கு அது போதும். 1980-ல் இந்த விளையாட்டை இயக்கியது 3 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட இசட்80 சில்லு. அதை என் மடிக்கணினி தூக்கத்திலேயே இயக்கிவிடும், எமுலேட்டரும் வேகம் 100 சதவீதம் என்றுதான் காட்டுகிறது. கோளாறு எமுலேட்டரிலா, அல்லது என் கைக்குத்தான் வயதாகிவிட்டதா?

பதிவு 2

நண்பரே, உங்கள் கையையும் குறை சொல்ல வேண்டாம், எமுலேட்டரையும் குறை சொல்ல வேண்டாம். பேக்-மேன் இயந்திரத்தில் இருந்தது நான்கு திசைகளில் மட்டுமே அசையும் ஜாய்ஸ்டிக். உங்கள் கேம்பேடில் இருப்பது எல்லாத் திசையிலும் சாயும் குச்சி. வலப்புறம் போய்க்கொண்டிருக்கும்போது அதை மேலே தள்ளினால், கட்டைவிரல் சிறிது நேரம் மூலைவிட்டத்தில் தங்குகிறது. அந்த நேரத்தில் வலமும் மேலும் ஒருசேர அழுந்தியதாக விளையாட்டுக்குத் தகவல் போகிறது. இரண்டு திசைகள் ஒன்றாக வரக்கூடும் என்று அந்த நிரலை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஏனென்றால் அசல் இயந்திரத்தின் குச்சி அதற்கு இடமே கொடுக்காது.

நானும் இதே இடத்தில் மூன்று வாரம் தவித்தவன்தான். எமுலேட்டர் அசலைப் போல இயங்கவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய காகிதம். பேக்-மேனில் ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது பேய்களின் தற்செயல் நடமாட்டத்துக்கான கணக்கும் முதலிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே நாம் பிசகாமல் அதே பாதையில் போனால் பேய்களும் ஒவ்வொரு முறையும் அதே பாதையில்தான் வரும். அசல் இயந்திரத்தில் ஆடியவர்கள் கண்டுபிடித்த அப்படியொரு பாதையை எப்போதோ அம்புக்குறிகளாக வரைந்து வைத்திருந்தேன். விசைப்பலகையின் அம்பு விசைகளைக் கொண்டு அதன்படி ஆடியபோது, நான்கு பேய்களும் காகிதம் சொன்ன இடத்தில், சொன்ன நொடியில் வந்து நின்றன. உள்ளே ஓடுவது அசல் நிரல்தான் என்பதில் அதன்பிறகு எனக்கு ஐயமில்லை. பேக்-மேன் மேல்நோக்கிப் பார்க்கும்போது இளஞ்சிவப்புப் பேய் குறிவைக்கும் இடம் இடப்புறமாகத் தவறும் அந்தப் பழைய பிழைகூட அப்படியே இருக்கிறது.

தீர்வு எளிது. எமுலேட்டரின் சில பதிப்புகளில் எட்டுத் திசைக் குச்சியை நான்கு திசையாகக் கொள்ளும் அமைப்பு உண்டு. அதைத் தேடிப் பாருங்கள். தனி ஆர்கேட் ஜாய்ஸ்டிக் வாங்கும் எண்ணமிருந்தால், அடியில் குச்சியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தகட்டை 45 டிகிரி திருப்பி மாட்டக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். சதுரமாக இருந்த துளை வைர வடிவில் நிற்கும். குச்சி மூலைகளுக்குப் போகவே முடியாது. கூடவே, கேம்பேடை ப்ளூடூத்தில் இணைக்காமல் கம்பி வழியாக இணைத்து, தொலைக்காட்சியில் கேம் மோடையும் இயக்கிப் பாருங்கள். படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் நேரம் முழுவதும் உங்கள் விரலுக்கும் திரைக்கும் நடுவில்தான் சேர்கிறது.

பதிவு 3

மேலே சொன்னது பேக்-மேனுக்குப் பொருந்தும். ஆனால் எல்லாப் பழியையும் குச்சியின் மேல் போட்டுவிட முடியாது என்பது என் அனுபவம். எனக்குத் தலைவலி தந்தது 1987-ல் ஐரெம் வெளியிட்ட ஆர்-டைப். விண்கலம் போகப் போகப் பின்னணி சீராக நகர வேண்டிய விளையாட்டு அது. என் கணினியிலோ ஒவ்வொரு நொடியிலும் பலமுறை இலேசாகத் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. செயலியைச் சந்தேகித்தேன், கிராஃபிக்ஸ் அட்டையைச் சந்தேகித்தேன், எமுலேட்டரை நான்கு முறை நீக்கி நிறுவினேன். கடைசியில் பார்த்தால், அந்த ஆர்கேட் மின்சுற்றுப் பலகை நொடிக்கு 55 படங்களைத்தான் வரைகிறது, என் திரையோ நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது. மிச்சமுள்ள ஐந்து இடங்களை நிரப்ப ஐந்து படங்கள் இருமுறை காட்டப்படுகின்றன. கண் அதைத்தான் தடுக்கலாக உணர்கிறது. மோர்டல் காம்பாட் சண்டை விளையாட்டும் இதே கதிதான், அது ஏறத்தாழ 54.7 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை படங்கள்.

விளையாட்டைத் திரையோடு ஒத்தியங்கச் செய்தால் தடுக்கல் மறைந்துவிடும், ஆனால் ஆட்டம் ஒன்பது சதவீதம் வேகமாக ஓடும், இசையின் சுருதியும் ஏறிவிடும். தன் வேகத்தை விளையாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் திரை ஒன்றை வாங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி கிடைத்தது. ரெட்ரோஆர்க் என்னும் எமுலேட்டர் மென்பொருளில் 2018-ல் வந்த ரன்-அஹெட் வசதியையும் முயன்று பாருங்கள். விளையாட்டை ஓரிரு ஃபிரேம் (திரையில் வரையும் ஒரு படம் ஒரு ஃபிரேம்) முன்னதாக மறைவில் ஓட்டிப் பார்த்து, அதன் விளைவை இப்போதே காட்டுவதால், அசல் விளையாட்டுக்குள்ளேயே இருந்த தாமதம்கூடக் குறைகிறது. அசலைவிட விரைவாகக் கைக்குக் கட்டுப்படும் ஆர்-டைப் அசல்தானா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. ஆடுவதற்கு இனிமையாக இருக்கிறது.

பதிவு 4

ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியில் நன்றாக ஓடிய பேக்-மேன் ஜிப் கோப்பு, ராஸ்பெர்ரி பையில் ‘கோப்புகள் இல்லை’ என்று சொல்லி நின்றது. காரணங்கள் இரண்டு. கணினியில் இருந்தது புதிய மேம், பையில் இருந்தது 2003-ஆம் ஆண்டின் 0.78 பதிப்பு. சில்லுகளைத் திருத்தமாகப் படித்தெடுக்கும்போதெல்லாம் மேம் தன் கோப்புப் பட்டியலை மாற்றிக்கொள்ளும் என்பதால், ரோம் தொகுப்பும் (சில்லுகளிலிருந்து படித்தெடுத்த விளையாட்டுக் கோப்புகள்) எமுலேட்டரும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அடுத்தது, மேம் கணக்கில் ஜப்பானில் வெளியான பக்-மேன்தான் தாய், மிட்வே அமெரிக்காவில் வெளியிட்ட பேக்-மேன் அதன் கிளை. தாய்க் கோப்பு அருகில் இல்லாவிட்டால் கிளை தனியே எழாது. ஜிப்பைப் பிரிக்கவும் வேண்டாம், பெயரை மாற்றவும் வேண்டாம்.

ரோம்களின் உரிமை இன்னும் நிறுவனங்களிடமே இருப்பதை அறிவேன். கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்ற சிலவற்றை உரிமையாளர் இசைவுடன் மேம் குழுவே இலவசமாகத் தருகிறது. பழகிக்கொள்ள அவை போதும். ஆனால் அசல் பலகைகள் என்றும் நிலைப்பதில்லை. என்னிடம் கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 ஆர்கேட் பலகை ஒன்று இருந்தது. நிரலைப் படிக்கத் தேவையான அதன் மறையாக்கச் சாவி மின்கலத்தின் தயவில் உயிர்வாழும் நினைவகத்தில் இருந்தது. ஒருநாள் மின்கலம் தீர்ந்தது, திரை ஒரே நிறத்தில் வெறுமையாக நின்றது. பலகையில் வேறு ஒரு பழுதும் இல்லை. அந்த மறையாக்கத்தை ஆண்ட்ரியாஸ் நைவ் என்பவரும், 1997-ல் மேமைத் தொடங்கிய நிக்கோலா சால்மோரியாவும் 2007-ல் உடைத்தார்கள். செத்த பலகைகளுக்குள் சாவியைத் திரும்ப எழுதும் வழியும் பின்னாளில் வந்தது. அதற்குள் நான் என் பலகையைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

பதிவு 5

சுருக்கமாக ஒன்று. பேக்-மேன், ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆகியவற்றின் திரை நெடுக்காக நிற்பது. 4:3 டேப்லெட்டை நிமிர்த்தி வைத்தால், அகலத் தொலைக்காட்சியில் நடுப்பட்டையாகச் சுருங்கிப்போகும் அதே படம் திரையை நிறைத்துக்கொள்கிறது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு ஃபிரேமுக்கு ஓர் எதிரி மட்டுமே நகர்வதால், 55 பேரும் இருக்கும்போது படை ஊர்ந்து வரும், கடைசி ஒருவன் மட்டும் எஞ்சும்போது பாய்ந்து ஓடுவான். அதை இவ்வளவு அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் வரிசை அலைபோல ஒவ்வொருவராக நகர்வதே எனக்குத் தெரிந்தது.

பதிவு 6

முதல் பதிவிட்டவன் எழுதுகிறேன். தகடு திருப்பக்கூடிய ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கி, நான்கு திருகுகளைக் கழற்றி, தகட்டை 45 டிகிரி திருப்பி மாட்டினேன். முதல் அரை மணி நேரம் குச்சி முரட்டுத்தனமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் ‘டக்’ என்று ஓர் ஒலி, அந்த ஒலியோடு பேக்-மேனும் திரும்பியது. நேற்று போனஸாக மணி தோன்றும் பதினோராவது கட்டம் வரை போய்விட்டேன்.

அந்த மகிழ்ச்சியில் ஆர்-டைப்பையும் திறந்தேன். குச்சி கீழே இறங்குகிறது, முன்னே போகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்ய மறுக்கிறது. மீண்டும் திருப்புளியைத் தேட வேண்டியதாயிற்று. மூன்றாம் பதிவில் எழுதிய நண்பர் சொன்ன தடுக்கல் முன்பெல்லாம் என் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் படவில்லை.