தண்ணீரில் கழன்று வராத ஸ்டிக்கர் ஸ்டாம்புகள்: உங்கள் அனுபவம்?

ஒற்றுத்தாள்
வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறிய அமெரிக்க ஸ்டாம்ப். கவர் தாள் கூழாகிவிட்டது, ஸ்டாம்பின் பசை மட்டும் துளியும் இளகவில்லை. கூழை வழித்தெடுத்தால் விரலில் ஒட்டியது, ட்வீசரில் ஒட்டியது, கடைசியில் உலர்த்த வைத்த ஒற்றுத்தாளையே பிடித்துக்கொண்டது. பின்பக்கம் முழுக்கப் பஞ்சு. அதே தொட்டியில் கிடந்த 1990களின் ஸ்டிக்கர் ஸ்டாம்புகளோ அரை மணியில் தானாகவே பிரிந்துவிட்டன. பழையவற்றில் தாளுக்கும் பசைக்கும் நடுவே தண்ணீரில் கரையும் படலம் உண்டு. அது கரைந்தால் பசை கவரோடு நின்றுவிடும். 2000களின் நடுவிலிருந்து வந்த அமெரிக்க ஸ்டாம்புகள் பெரும்பாலானவற்றில் அந்தப் படலம் இல்லை. நாள் முழுக்க ஊறினாலும் அதே கதைதான். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டியில் கொட்டாமல் ஆண்டு பார்த்துப் பிரியுங்கள். பெரும்பாலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

பல்லெண்ணி
அந்த ரகத்துக்கு லைட்டர் ஃப்ளூயிட்தான். ஸ்டாம்பைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு கவரை வெட்டுங்கள். படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, கவர் தாளின் முதுகில் நாலைந்து சொட்டு விடுங்கள். தாள் எண்ணெய் பட்டதுபோல் ஊடு தெரிய ஆரம்பிக்கும். அரை நிமிடம் பொறுத்தால் போதும். முக்கால்வாசிப் பேர் சொதப்புவது இதற்கு அடுத்து. ஸ்டாம்பைப் பிடித்து இழுக்கிறார்கள். அது சுருண்டு, மேல்பூச்சில் மடிப்பு விழும். எத்தனை கனமான புத்தகத்தை மேலே வைத்தாலும் அந்தக் கோடு போகாது. ஸ்டாம்ப் மேசையில் தட்டையாகக் கிடக்கட்டும். உரிக்க வேண்டியது கவர் தாளை, ஒரு மூலையிலிருந்து, நன்றாகப் பின்னால் மடித்து. நடுவில் இறுகினால் நிறுத்திவிட்டு இன்னொரு சொட்டு.

இந்தத் திரவம் பசையைக் கரைப்பதில்லை, ஊதவைத்துப் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவே. ஆவியானதும் பசை பழையபடி பிடிக்கும். அதனால் உரித்த கையோடு பின்பக்கம் வாசனையில்லாத டால்கம் பவுடர் தூவி, மிச்சத்தை மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், அச்சு மையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

கிழக்குஜன்னல்
சொட்டு விடும் வேலையே வேண்டாமென்று ஹேர் ட்ரையர் காட்டியது, 2017 அமெரிக்க சூரிய கிரகண ஸ்டாம்புக்கு. பசை இளகியது உண்மை. ஆனால் சூடு பட்டதும் கறுப்பு வட்டம் மங்கி உள்ளே முழு நிலா எழுந்து வந்தது! ஆறியதும் மறைந்தது. விரல் சூட்டுக்கே நிறம் மாறும் மை என்பது தெரியும், ஆனால் ட்ரையர் சூட்டை எத்தனை முறை தாங்கும்? இப்போது பாதி உரிந்து கிடக்கிறது.

உறைமுகம்
பிரிட்டன் ராணித் தலை ஸ்டாம்ப், 2009க்குப் பிந்திய ரகம், யூ வடிவக் கீறல் போட்டது. ஃப்ளூயிட் விட்டு உரித்தால் ஸ்டாம்ப் வந்துவிட்டது, கீறலுக்குள் இருந்த துண்டு கவரிலேயே தங்கிவிட்டது. ராணி முன்னால் பளிச்சென்று ஒரு ஓட்டை.

முத்திரைப்பித்து
கிழக்குஜன்னல், வெயிலும் புற ஊதா ஒளியும்தான் அந்த மைக்கு முதல் எதிரி. ஃப்ளூயிட் விட்டு முடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், கரைப்பான் பட்டால் அந்த மை நிறம் மாறும் குணத்தை இழக்கலாம். உரிந்ததைத் திரும்பப் படிய அழுத்திவிட்டு, தாளோடு வெட்டி வையுங்கள்.

பல்லெண்ணி சாரின் பவுடரை ஒப்புக்கொள்ள முடியாது. பவுடர் பசையை மூடுகிறதே தவிர அகற்றவில்லை. ஆல்பத்தில் அழுத்தம் படப்பட பசை ஸ்டாம்பு விளிம்பின் பற்களில் கசியும். ஃப்ளூயிட் ஈரம் இருக்கும்போதே விரலால் ஒரே திசையில் தேய்த்தால் உருண்டு உருண்டு வந்துவிடும்.

உண்மையில் எதற்குக் கழற்ற வேண்டும்? சுற்றிலும் 5 மில்லிமீட்டர் சீராக விட்டு, தபால் ஆபீஸ் குத்திய முத்திரை முழுதாக இருந்தால் அதையும் சேர்த்து வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், உலோக ஸ்கேலும் பிளேடும் போதும். சிவப்பு, ஊதா கவர் என்றால் ஈரமே படக்கூடாது, சாயம் ஏறும். கவர் உள்பக்கமும் அச்சிட்டிருந்தால், அந்த மை பக்கத்து ஸ்டாம்பில் படாமல் நடுவில் அமிலமில்லாத தாள் வையுங்கள். தாளோடு இருப்பது கனமாகும், அதனால் ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள், இறுக்கி அடுக்காதீர்கள்.

பல்லெண்ணி
தாளோடு வைத்தால் பத்திரம் என்கிறீர்கள். அமெரிக்காவின் முதல் ஸ்டிக்கர் ஸ்டாம்பைப் பாருங்கள், 1974 கிறிஸ்துமஸுக்கு வந்த 10 சென்ட் புறா. கவரில் இருப்பதும் சரி, பயன்படுத்தாமல் வைத்ததும் சரி, பழுப்பேறிக் கிடக்கின்றன. கறையை ஏற்றியது அதன் பசையேதான். தாளை விட்டுவைத்தால் பசையையும் விட்டுவைக்கிறீர்கள். விரலால் தேய்ப்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேய்த்த பிறகும் லேசாக ஒட்டும், அதற்குத்தான் பவுடர்.

உறைமுகம், யூவின் வளைந்த பக்கத்திலிருந்து உரித்தால் துண்டு தாளோடு போய், வேரில், அதாவது ஸ்டாம்போடு சேர்ந்திருக்கும் இடத்தில், கிழியும். திறந்த வாய் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அப்போது வேர் முதலில் விடுபடும். ஒரே ஸ்டாம்பில் கீறல்கள் வெவ்வேறு பக்கம் பார்த்திருந்தால் ஒரே மூச்சில் உரிக்காதீர்கள். ஒவ்வொரு கீறலிடமும் நிறுத்தி, சொட்டு விட்டு, தட்டை முனை ட்வீசரால் துண்டை ஸ்டாம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டே நகருங்கள்.