மறு: ‘ரீகமிஷனிங்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பல வருடம் ஓடாமல் கிடந்த வண்டியை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேலைதான் ‘ரீகமிஷனிங்’. அதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: மீட்டுருவாக்கம், புத்துயிரூட்டல், மீளியக்கம். மூன்றுமே எனக்கு நெருடுகின்றன. அதற்குக் காரணம் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1971-இல் செய்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் கார், திறந்த கூரை, இரண்டு பேர் உட்காரும் வண்டி. பதினெட்டு வருடம் அசையாமல் கிடந்தது. மூன்று மாதமாக அதோடுதான் இருக்கிறேன்.

> மீட்டுருவாக்கம் என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு வேலையாகப் புரியும். வண்டியை முழுக்கப் பிரித்து, தகடு வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாள்போல ஆக்குவது ரெஸ்டோரேஷன். மீட்டுருவாக்கம் அதற்குத்தான் பொருந்தும். ரீகமிஷனிங்கில் மங்கிய பெயின்ட் மங்கியபடியே இருக்கும், கிழிந்த சீட் கிழிந்தபடியே இருக்கும். ஓடவும் நிற்கவும் தேவையானதை மட்டும் தொடுவோம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஓட்டிப் பார்க்கவேண்டிய வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பக் கோக்க முடியாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் சொல் வேறாக இருந்தே ஆகவேண்டும்.

மீளியக்கம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மீள்தன்மை, மீள்வினை என்று இயற்பியலிலும் வேதியியலிலும் ‘மீள்’ ஏற்கெனவே வேறு வேலை செய்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘இயக்கம்’ என்றதும் எல்லோர் கையும் சாவிக்குப் போகும். இந்த வேலையில் கடைசியாகச் செய்யவேண்டியது அது.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் விட்டேன். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருந்தன. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் சக்கரமான கிராங்க் புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். தினமும் காலையில் நீளமான ஸ்பேனரை மாட்டி, ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால், பலம் போடாமல் அழுத்துவேன். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்பதாவது நாள் மெதுவாக ‘நற’ என்றது. கோடு அரை விரல் தள்ளியிருந்தது. முதல் நாளே சாவியைத் திருப்பியிருந்தால் வளையம் உடைந்திருக்கலாம், சிலிண்டர் சுவரும் கீறியிருக்கும்.

அப்புறம் பழைய பெட்ரோல். டேங்கிலிருந்து வடித்தது தேன் நிறத்தில் இருந்தது, வாடை வார்னிஷ் மாதிரி. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் இரண்டையும் பிரித்து அந்தப் பிசினைக் கழுவினேன். ரப்பர் குழாய்கள் அத்தனையும் புதிது. இன்ஜின் ஆயிலை மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டேன். அமுக்கம் இல்லாததால் பேரிங்குகளுக்குச் சுமை குறைவு, ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரம் கிடைக்கும். ஆயில் அழுத்த முள் எழுந்த பிறகுதான் பிளக்கை மாட்டினேன்.

பிரேக் தனிக் கதை. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155. கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. அந்த ஈரமே சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கவும் செய்யும். நான் செலவழித்த நேரத்தில் ஏறக்குறைய பாதி, வண்டியை நிற்கவைப்பதற்குத்தான் போனது. இதை எப்படி ‘மீளியக்கம்’ என்பது?

ஆங்கிலச் சொல் கடற்படையிலிருந்து வந்தது. ஓய்வில் இருந்த கப்பலை மறுபடி பணியில் சேர்ப்பது. அந்த வழியிலேயே போனால் ‘மறுபணியமர்த்தல்’ என்று ஏதோ அலுவலக ஆணைபோல வந்து நிற்கும். நம்மிடம் இருக்கும் சொல்லிலிருந்து தொடங்கினால் என்ன? கோப்பு கிடப்பில் கிடக்கிறது என்கிறோம். அந்தக் ‘கிடப்பு’க்குள் காலமும் இருக்கிறது, கவனிக்காமல் விட்டதும் இருக்கிறது. வழியில் பழுதாகி நின்றால் வண்டி ‘படுத்துவிட்டது’ என்கிறோம். படுத்ததை, கிடப்பதை எழுப்பத்தான் வேண்டும். ஆக என் பரிந்துரை:

கிடப்பு வண்டி
கிடப்பெழுப்பல்

இன்னொன்றும் கேட்கிறேன். இன்ஜின் சுற்றாமல் இறுகிப்போவதற்கு, அதாவது ‘சீஸ்’ ஆவதற்குத் ‘துருப்பிடிப்பு’, ‘சூட்டுப்பிடிப்பு’ என்று இரண்டு சொல் வைக்கலாமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் சும்மா கிடந்து ஒட்டியது வேறு, ஆயில் இல்லாமல் ஓடி வெந்து ஒட்டியது வேறு. முதலாவதைப் பொறுமையாக விடுவிக்கலாம், இரண்டாவதற்குப் பெரும்பாலும் இன்ஜினைப் பிரித்தாக வேண்டும்.

---

ஐயா, வணக்கம்.

‘கிடப்பு வண்டி’யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘கிடப்பெழுப்பல்’ சொல்லிப் பார்த்தால் கடைசியில் நாக்கு தடுக்குகிறது. தொழிற்பெயருக்கு ‘அல்’ கட்டாயமில்லையே. கிளப்பு, நிரப்பு, இணைப்பு போல ‘கிடப்பெழுப்பு’ போதும். வினையாகவும் மடங்கும்: கிடப்பெழுப்பினேன், கிடப்பெழுப்பிய வண்டி. மடங்காத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும்.

‘துருப்பிடிப்பு’ மட்டும் வேண்டாம். கதவில் துரு ஏறினாலும் அதைத்தானே சொல்கிறோம்? முதுகு பிடித்துக்கொண்டது என்கிறோமே, அங்கே வெறும் ‘பிடிப்பு’தான். எண்ணெய் தேய்த்து மெல்ல அசைத்தால் விடும். நீங்கள் ஒன்பது நாள் செய்ததும் அதேதான். எனவே கிடந்து இறுகியதற்குப் ‘பிடிப்பு’, வெந்து இறுகியதற்குச் ‘சூட்டொட்டு’ என்று வைத்துப் பாருங்கள்.

---

நன்றி. முதுகை மறந்தே போனேன், இத்தனைக்கும் இந்த மூன்று மாதத்தில் எனக்கும் இரண்டு முறை பிடித்துக்கொண்டது. ‘பிடிப்பு’, ‘சூட்டொட்டு’ இரண்டும் சரி. கிடப்பெழுப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

நேற்று மாலை சாவியைத் திருப்பினேன். பின்பக்கம் இருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப் முதலில் சத்தமே போடவில்லை. உள்ளே தொடுமுனைகள் ஒட்டியிருக்கும் என்று திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினேன். டிக் டிக் டிக் என்று வேகமாக ஆரம்பித்தது. கார்புரேட்டர் கிண்ணங்களில் பெட்ரோல் நிரம்ப நிரம்ப, டிக்குகளுக்கு நடுவே இடைவெளி கூடி, ஓய்ந்தது. நான்காவது முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் மட்டும் இல்லை.

எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன்: இன்ஜின் ‘பிடித்துக்கொண்டது’ என்றால் ஓட ஆரம்பித்தது என்றும் ஆகிறது. இது பிரச்சினைதான். போதாக்குறைக்கு, கிளட்ச் தட்டு, இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டு கியர் விழ மறுக்கிறது. பிடிப்பதையே வேலையாகக் கொண்ட பாகம், விடாமல் பிடித்தால் அதையும் ‘பிடிப்பு’ என்பதா? ‘இறுகல்’ என்று மாற்றலாமா, சொல்லுங்கள். நான் இப்போது கிளட்ச் பக்கம் போகிறேன்.